இம்ப்ளாண்ட் பல்லோடு அந்த ஸ்டிக்கரையும் கேட்டு வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'மூன்றே நாளில் நிலையான பல்', 'ஒரே சிட்டிங்கில் முழு வாயும்' என்று இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன்மேல் வைக்கும் பல்) விளம்பரங்கள் பத்திரிகைகளில் தொடர்ந்து வருகின்றன. விலை போட்டிருக்கிறார்கள், தவணை வசதியைச் சொல்கிறார்கள். எலும்புக்குள் போகப்போகும் பொருள் எந்தக் கம்பெனியுடையது, என்ன அளவு என்பதை மட்டும் சொல்வதில்லை. மிக்சியின் வாரண்டி அட்டையைப் பீரோவில் பத்திரப்படுத்தும் வீடுகளில்கூட, தன் தாடையில் இருக்கும் இம்ப்ளாண்டின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அந்த விவரம் இம்ப்ளாண்டோடு வரும் ஒரு ஸ்டிக்கரில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்காததால் வரும் கஷ்டம் பெரிது என்பதால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

பேச்சுவழக்கில் 'ஸ்க்ரூ பல்' என்றாலும் அது ஒரே பொருள் அல்ல. எலும்புக்குள் இறங்குவது டைட்டானியத் திருகு. ஃபிக்ஸ்சர் என்பார்கள். பெரும்பாலும் 3.5 முதல் 5 மி.மீ. குறுக்களவும் 8 முதல் 13 மி.மீ. நீளமும் இருக்கும். அதன் தலைக்குள் பொருந்தி, ஈறுக்கு மேலே வந்து நிற்கும் துண்டு அபட்மென்ட். அதன் மேல் உட்காருவது கேப். ஃபிக்ஸ்சரையும் அபட்மென்ட்டையும் இறுக்கிப் பிடித்திருப்பது சுமார் 2 மி.மீ. தடிமனுள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ. முறுக்கு கடிக்கும்போதும் கறி மெல்லும்போதும் வரும் விசையையெல்லாம் வருடக்கணக்கில் அதுதான் தாங்குகிறது. அது தளர்வது இம்ப்ளாண்டில் அடிக்கடி வரும் கோளாறுகளில் ஒன்று.

தளர்ந்தால் கேப் லேசாக ஆடும். 'இம்ப்ளாண்டே போய்விட்டது' என்று பயந்துகொண்டு வருவார்கள். பெரும்பாலும் எலும்பிலுள்ள திருகு அசையாமல்தான் இருக்கும். கேப்பின் நடுவிலுள்ள துளையின் அடைப்பை எடுத்து, உள்ளே திணித்திருக்கும் வெள்ளை டெஃப்லான் டேப்பை உருவிவிட்டு (பிளம்பர் குழாய் மரையில் சுற்றுகிற அதே வகை டேப்தான்), பழைய ஸ்க்ரூவைக் கழற்றிப் புதியதைப் போட்டு முறுக்கினால் போதும். கம்பெனி தெரிந்திருந்தால் அரை மணி நேர வேலை.

தெரியாவிட்டால்? ஸ்க்ரூவின் தலையில் உள்ள அறுகோணக் குழி ஒரு கம்பெனிக்கு 0.9 மி.மீ., இன்னொன்றுக்கு 1.2, வேறொன்றுக்கு 1.25. சிலவற்றில் அறுகோணமே கிடையாது, நட்சத்திர வடிவம். 1.25 குழிக்குள் 1.2 டிரைவரை விட்டால் நன்றாகவே உட்காரும். திருப்பும்போதுதான் குழியின் மூலைகள் மழுங்கும். மூலை மழுங்கிய ஸ்க்ரூ பிறகு எந்த டிரைவருக்கும் மசியாது. கேப்பை அறுத்து, ஸ்க்ரூவைத் துளைத்து எடுக்க வேண்டும். அப்போது ஃபிக்ஸ்சரின் உள்மரை கெட்டுப்போனால், எலும்போடு நன்றாக ஒட்டியிருக்கும் இம்ப்ளாண்டையே சுற்றிலும் தோண்டி எடுக்கும்படி ஆகிவிடும். பெயர் தெரியாத ஒரே காரணத்தால் வரும் நஷ்டம் இது.

'எக்ஸ்ரேயைப் பார்த்தால் கம்பெனி தெரிந்துவிடாதா' என்று கேட்பார்கள். மரையின் இடைவெளி, கழுத்தின் அமைப்பு, அடிநுனியின் வடிவம் இவற்றை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்த வடிவங்கள் சந்தையில் நிறைய. எக்ஸ்ரேயில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும் இரண்டுக்கும் உள்ளே அபட்மென்ட் உட்காரும் கூம்பின் சாய்வு வேறாக இருக்கும். பொருந்தாத பாகத்தை வைத்து லேபில் கேப் செய்தால், வாயில் வைக்கும்போது முடியிழை அளவு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கிருமி குடியேறும், ஸ்க்ரூ திரும்பத் திரும்பத் தளரும்.

இதையெல்லாம் தவிர்க்கத்தான் கம்பெனிகள் ஸ்டிக்கர் கொடுக்கின்றன. ஃபிக்ஸ்சர் கிருமி நீக்கம் செய்த ஒரு சின்னக் குழாயில் அடைத்து வருகிறது. கூடவே உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் இரண்டு மூன்று இருக்கும். ஒன்று மருத்துவமனை ஃபைலுக்கு, ஒன்று நோயாளிக்கு. அதில் கம்பெனி பெயர், மாடல், குறுக்கே கோடு வெட்டிய வட்டக் குறிக்குப் (Ø) பக்கத்தில் குறுக்களவு, பிறகு நீளம், 'ரெஃப்' எண் (மாடலின் பட்டியல் எண்), 'லாட்' எண் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி, இந்தியாவில் விற்கும் பொருளின் லேபிளில் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இறக்குமதி செய்தவரின் விவரமும் இருக்க வேண்டும். இந்த ஸ்டிக்கர் நோயாளிக்குச் சேர வேண்டியது. குழாயைத் திறப்பதற்கு முன்பே காட்டச் சொல்லலாம். அது டாக்டரைச் சந்தேகப்படுவதாகாது.

இம்ப்ளாண்ட் எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கு முதல் நோயாளியே சாட்சி. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் பேராசிரியர் பெர் இங்வார் ப்ரோனமார்க் 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு டைட்டானியத் திருகுகளைப் பொருத்தினார். 2006-இல் லார்சன் இறக்கும்வரை, 40 வருடங்களுக்கு மேல் அவை வேலை செய்தன. அத்தனை காலத்தில் கிளினிக் இடம் மாறலாம், டாக்டர் ஓய்வு பெறலாம், கம்பெனி அந்த மாடலையே நிறுத்திவிடலாம். திருகு மட்டும் தாடையில் இருக்கும். அதன் அடையாளம் நோயாளி கையில் இருப்பதுதான் முறை.

இனி 'மூன்று நாள்' விஷயம். திருகு வைத்த அன்றே தற்காலிகக் கேப் மாட்டுவது பொய்யான மருத்துவம் அல்ல. நிபந்தனைகளோடு செய்யக்கூடியதுதான். திருகு எலும்பில் இறங்கும்போது ரெஞ்ச் குறைந்தது 35 நியூட்டன் சென்டிமீட்டர் இறுக்கத்தைக் காட்ட வேண்டும். ஒற்றைப் பல் என்றால் அந்தத் தற்காலிகக் கேப் எதிர்ப்பல்லைத் தொடவே கூடாது. பார்வைக்குத்தான் பல், மெல்வதற்கு அல்ல. முழுத் தாடைக்கு நான்கு அல்லது ஆறு திருகு போட்டு அன்றே பல் மாட்டினால், எல்லாத் திருகுகளையும் வளையாத ஒரே பாலத்தால் இணைத்திருக்க வேண்டும்.

ஏன் இத்தனை எச்சரிக்கை? முதல் நாளில் திருகைப் பிடித்திருப்பது வெறும் இறுக்கம்தான், மரத்தில் ஆணி நிற்பதைப் போல. அடுத்த சில வாரங்களில் உடல் அந்தப் பழைய எலும்பின் விளிம்பைக் கரைத்துவிட்டுப் புது எலும்பைக் கட்டும். பழைய பிடி குறைந்து புதிய பிடி இன்னும் முற்றாத இடைக்காலம் ஒன்று உண்டு. ஏறக்குறைய இரண்டிலிருந்து நான்காவது வாரம் வரை. அப்போதுதான் திருகு மிகவும் பலவீனமாக இருக்கும். வலி அடங்கிவிட்டதால் நோயாளிக்குத் தைரியம் வந்து சீடையைக் கடிப்பதும் அதே சமயத்தில்தான். அந்த வாரங்களில் திருகு கொஞ்சம் அசைந்தாலும் சுற்றிலும் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளரும். பிறகு அது என்றைக்கும் ஒட்டாது. கீழ்த்தாடைக்கு இரண்டு மூன்று மாதம், எலும்பு மிருதுவான மேல்தாடைக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் என்று காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

மூன்று நாள் விளம்பரங்கள் சிலவற்றில் சொல்வது வேறு முறை. ஒரே துண்டாகச் செய்த நீளத் திருகுகளைத் தாடையின் கெட்டியான வெளி எலும்பில் பிடிக்கவைத்து, எல்லாவற்றையும் ஒரே பாலமாகச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். எலும்பு அடியோடு தேய்ந்துபோன சிலருக்கு இது உதவலாம். ஆனால் அபட்மென்ட்டைத் தனியாக மாற்ற வழியில்லை. ஒரு திருகு கெட்டால் பாலத்தையே அறுக்க வேண்டும். இதற்கு இடம் வேண்டும் என்பதற்காக ஆடாத, உயிரோடு இருக்கும் பற்களையும் பிடுங்கலாம் என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடம் காட்டாமல் சம்மதிக்காதீர்கள். பிடுங்கிய பல்லை எந்த இம்ப்ளாண்டும் முழுமையாக ஈடுகட்டாது.

ஆரம்பத்தில் கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது ஸ்கேன். வாய் முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைச் சுமார் 25 சதவீதம் வரை பெரிதாக்கிக் காட்டக்கூடும். எலும்பின் அகலத்தை அது காட்டுவதே இல்லை. கீழ்க் கடைவாயில் திருகு போடும்போது உள்ளே ஓடும் நரம்புக் குழாய்க்கு மேல் 2 மி.மீ. இடைவெளி விட வேண்டும். பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து 1.5 மி.மீ., இரண்டு இம்ப்ளாண்டுகளுக்கு நடுவே 3 மி.மீ. இந்த மில்லிமீட்டர்களை அளக்க சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். மேல் கடைவாயில் சைனஸ் என்ற காற்றறை இறங்கி வந்து எலும்பு உயரம் குறைந்திருந்தால், அதைத் தூக்கி எலும்புத்தூள் வைக்க வேண்டுமா என்பதையும் இந்த ஸ்கேனே சொல்லும்.

பல் பிடுங்கிய இடம் காத்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடுங்கிய முதல் வருடத்தில் தாடை விளிம்பின் அகலம் பாதி வரை சுருங்கிவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். இரண்டு மூன்று வருடம் கழித்து வருபவர்களுக்கு எலும்புத்தூள், அதன்மேல் மூடும் மெல்லிய சவ்வு (மெம்ப்ரேன்) என்று செலவு கூடுவது இதனால்தான். இம்ப்ளாண்ட் போடும் எண்ணம் இருந்தால் பிடுங்கும் நாளிலேயே பேசிவிடுவது நல்லது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இம்ப்ளாண்டே கூடாது என்பது தவறு. மூன்று மாத சராசரியான எச்.பி.ஏ.1சி. 7-ஐ ஒட்டி இருந்தால் தாராளமாகச் செய்யலாம். 8-ஐத் தாண்டினால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தோல்வி ஏறக்குறைய இரண்டு மடங்கு. புகையிலையும் பான்மசாலாவும் போடுபவர்களிடம் இன்னொரு தடங்கல் உண்டு. கன்னத்தின் உட்பக்கத் திசு நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துவிடும். மூன்று விரலைச் செங்குத்தாக நுழைக்க முடியாத வாயில், கடைவாயில் டிரில்லைச் சரியான கோணத்தில் நிறுத்தவே இடமிருக்காது. அப்படி இறுகிய வாயை இம்ப்ளாண்டுக்கு முன்பே, அந்த இறுக்கத்துக்காகவே பரிசோதிக்க வேண்டும். புற்றுநோய்க்கு வழிவிடக்கூடிய நிலை அது.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட் மாத்திரையோ, ஜோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. 'எலும்புக்கு மாத்திரை, பல்லுக்கு என்ன சம்பந்தம்' என்று பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதற்காக மருந்தைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. டெனோசுமாப் ஊசியைத் தள்ளிப்போட்டால் முதுகெலும்பு முறியும் ஆபத்து கூடும். எழுதிக்கொடுத்த டாக்டரும் பல் டாக்டரும் பேசி முடிவெடுக்க வேண்டியது அது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே அறிவுரைதான்.

அறுவை சிகிச்சையில் நோயாளியின் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் பெரிய தவறு சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடத்துச் செல்கள் செத்துவிடும். அதனால்தான் 2 மி.மீ. டிரில்லில் தொடங்கி, படிப்படியாகப் பெரிய அளவுக்குப் போய், முழு நேரமும் சலைன் பீய்ச்சிக்கொண்டே துளைக்க வேண்டும். மழுங்கிய டிரில்லும் அவசரமும் எலும்பைச் சுட்டுவிடும். சுட்ட எலும்பில் திருகு சில வாரங்களில் தளர்ந்து வெளியே வரும். 'உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை' என்று நோயாளியிடம் சொல்லப்படும் தோல்விகளில் இதுவும் ஒரு காரணம். டைட்டானியத்துக்கு உடம்பு ஒவ்வாமை காட்டுவது மிக மிக அரிது.

மரப்பு ஊசியின் வேகம் போன பிறகும் கீழ் உதடும் தாடையும் மரத்தே இருந்தால் 'சரியாகிவிடும்' என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. திருகு நரம்பை அழுத்துகிறது என்றால், அன்றோ மறுநாளோ அதை எடுத்தால்தான் உணர்ச்சி திரும்ப நல்ல வாய்ப்பு.

கேப் வைக்கும் கட்டத்தில் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கேப்பை ஸ்க்ரூவால் மாட்டுகிறீர்களா, சிமென்ட்டால் ஒட்டுகிறீர்களா? சிமென்ட் ஈறுக்கு அடியில் ஒரு கடுகளவு தங்கிவிட்டாலும் அதைச் சுற்றிச் சீழ் பிடித்து எலும்பு கரையக்கூடும். முடிந்த இடங்களில் ஸ்க்ரூ முறையையே நாங்கள் விரும்புகிறோம். பிறகு கழற்றிச் சுத்தம் செய்யவும் அதுதான் வசதி. இரண்டு, ஸ்க்ரூவை எதால் முறுக்குகிறீர்கள்? விரல் பலத்தில் முறுக்கியது நிற்காது. கம்பெனி சொன்ன அளவுக்கு, பொதுவாக 15-லிருந்து 35 நியூட்டன் சென்டிமீட்டருக்குள், முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறையும் அதே அளவுக்கு முறுக்க வேண்டும். உலோகப் பரப்புகள் ஒன்றோடொன்று படிந்ததும் முதல் இறுக்கத்தில் கொஞ்சம் குறைந்துவிடும் என்பதால் இது. அந்த அளவு எத்தனை என்பதற்கும் கம்பெனி பெயர்தான் வேண்டும்.

வாயில் கடிப்பைச் சரிபார்க்க 8 மைக்ரான் தடிமனுள்ள உலோகத் தாளை வைப்போம். லேசாகக் கடிக்கும்போது அது இம்ப்ளாண்ட் பல்லுக்கும் எதிர்ப்பல்லுக்கும் இடையே வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அழுத்திக் கடித்தால்தான் பிடிபட வேண்டும். சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார்மெத்தை ஒன்று உண்டு. கடிக்கும்போது பல் கொஞ்சம் அமுங்கும், கல்லைக் கடித்தால் சட்டென்று உணரும். இம்ப்ளாண்டுக்கு அந்த மெத்தை கிடையாது. அமுங்கவும் அமுங்காது, உணர்ச்சியும் குறைவு. அதனால்தான் இந்த இடைவெளி. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு, தூங்கும்போது பல்லில் மாட்டும் உறையான நைட் கார்டும் வேண்டும்.

இம்ப்ளாண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. இம்ப்ளாண்டைச் சுற்றிக் கிருமி பிடித்து எலும்பு கரையும்போது பெரும்பாலும் வலிக்காது. பிரஷ் பட்டால் ரத்தம், அழுத்தினால் சீழ், ஒருவித வாடை. இவைதான் அறிகுறி. 'வலியில்லையே' என்று விட்டால் பாதி எலும்பு போன பிறகுதான் ஆட்டம் தெரியும். ஏற்கெனவே ஈறுநோயால் பல்லை இழந்தவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கேப் மாட்டிய அன்றே அந்த ஒரு பல்லுக்கு மட்டும் சிறிய எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த வருடங்களில் எலும்பு இறங்கியிருக்கிறதா என்பதை ஒப்பிட அதுதான் அளவுகோல். தினமும் இரவில் பல்லிடுக்கு பிரஷ், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

முழு பல்செட் கட்டியிருக்கும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். கீழ் பல்செட் மிதக்கிறது, பேசும்போது எகிறுகிறது என்பதற்காக லட்சக்கணக்கில் செலவிட்டு முழு வாய்க்கும் இம்ப்ளாண்ட் போட வேண்டியதில்லை. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டே இம்ப்ளாண்ட் போட்டு, சட்டைப் பொத்தான்போல பல்செட் அதில் 'டிக்' என்று மாட்டும்படி செய்தால் போதும். பலருக்கு இதுவே பெரிய நிம்மதி. உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்துவிடும், வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து மாற்ற வேண்டும். அந்தச் சின்ன வளையத்தை வாங்கவும் மாடல் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

விளம்பரங்களை நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 'ஒரு இம்ப்ளாண்ட் இவ்வளவு ரூபாய்' என்று போடும் விலையில் அபட்மென்ட்டும் கேப்பும் ஸ்கேனும் அடங்குமா, பொருள் எந்தக் கம்பெனியுடையது என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்தால்தான் வெளியிடுவோம் என்று பத்திரிகைகள் வைத்தால் வாசகர்களுக்குப் பெரிய உதவி. கிளினிக் நடத்தும் எங்கள் சக டாக்டர்களிடமும் ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டிக்கரை ஒட்டி, பல்லின் இடம், போட்ட தேதி, முறுக்கிய அளவு, கேப் ஸ்க்ரூவா சிமென்ட்டா என்று நான்கு வரி எழுதிக்கொடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஏற்கெனவே இம்ப்ளாண்ட் போட்டு, ஸ்டிக்கர் வாங்காமல் விட்டவர்கள் இந்த வாரமே அந்தக் கிளினிக்குக்குப் போய் உங்கள் ஃபைலைக் கேளுங்கள். ஃபைலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, 'ரெஃப்' எண்ணும் 'லாட்' எண்ணும் தெளிவாகத் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் இடத்தில் 'உடம்பில் உலோகம் இருக்கிறதா' என்று கேட்டாலும் அதைக் காட்டலாம். டைட்டானியத்தால் பொதுவாக அங்கே பிரச்சினை இல்லை. காந்தத்தால் மாட்டும் பல்செட் என்றால் மட்டும் முன்பே சொல்லிக் கழற்றிவிட வேண்டும். கிளினிக் மூடிவிட்டது, ஃபைல் கிடைக்கவில்லை என்றால், பல் நன்றாக இருக்கும்போதே ஒரு எக்ஸ்ரே எடுத்து, இப்போது பார்க்கும் டாக்டரிடம் அடையாளம் காணச் சொல்லுங்கள். ஸ்க்ரூ தளர்ந்து, மறுநாள் கல்யாணத்துக்குக் கிளம்ப வேண்டிய இரவில் அதைத் தேடுவது கடினம்.

இப்படிக்கு,
பல் மருத்துவர்கள் இருவர், டெண்டல் லேப் டெக்னீஷியன் ஒருவர்,
திருச்சி.